காணாப் பொருளின் ஏலம்

சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அணித்தாக உள்ள மேச்சேரி, ஓர் ஆட்டினத்துக்குத் தன் பெயரை வழங்கிய ஊராகும். செம்பழுப்பு நிறமும் உயர்ந்த தோலும் உடைய மேச்சேரிச் செம்மறியைப் பேணுதற்கென 1978 ஆம் ஆண்டில் அருகிலுள்ள பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பெற்றது. ஆடு வாங்கச் சந்தைக்கு வருவோர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், முதுகைத் தடவிப் பார்ப்பர், நடக்கவிட்டும் பார்ப்பர். கண்ணும் கையும் ஒப்பிய பின்னரே அவர்தம் பணப்பை திறக்கும்.

பொருளைத் தொட்டுப் பாராமலும் விற்பவர் முகத்தைக் காணாமலும் விலை கேட்கும் சந்தை ஒன்று இக்காலத்தில் தோன்றியுள்ளது. அதுவே இணைய ஏலம். பழைய நாணயம், அஞ்சல்தலை, தீப்பெட்டிப் படம், கைக்கடிகாரம் முதலியவற்றைத் திரட்டி வைப்பதில் இன்பம் காண்போர் இச்சந்தையை மிகுதியும் நாடுகின்றனர். முன்னாளில் மேச்சேரி போன்ற ஊரில் வாழ்ந்த ஒருவர் அரிய அஞ்சல்தலை ஒன்றைத் தேட விரும்பினால், சென்னை மூர் மார்க்கெட்டு வரை செல்ல வேண்டியிருந்தது. அதுவும் 1985 ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. இன்றோ, வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே மும்பையில் நடைபெறும் ஏலத்தில் அவர் விலை கேட்கலாம்.

இம்முறை வளர்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டில் பியர் ஒமிடியார் என்பவர் 1995 ஆம் ஆண்டில் ஓர் ஏலத் தளத்தை அமைத்தார். பின்னர் ஈபே என்னும் பெயருடன் அஃது உலகெங்கும் பரவிற்று. அதில் முதன்முதலாக விலைபோன பொருள், பழுதுற்ற லேசர் சுட்டுகோல் ஒன்று. அதனை 14 டாலர் 83 சென்டுக்கு ஒருவர் வாங்கினார். “பழுதுபட்ட பொருள் என்பதை அறிவீரா?” என்று ஒமிடியார் வினவியபோது, பழுதுற்ற சுட்டுகோல்களையே தாம் சேகரிப்பதாக அவர் விடை பகர்ந்தார். ஒருவர் வேண்டாவென எறியும் பொருளை வேறொருவர் விரும்பித் தேடுகிறார் என்னும் உண்மையே இவ்வாணிகத்தின் அடித்தளம்.

நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டில் பாஸி என்னும் தளம் தொடங்கப்பெற்றது. 2004 ஆம் ஆண்டில் ஈபே அதனை வாங்கி நடத்தியது. அவ்விந்தியத் தளம் 2018 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களிலுள்ள ஏல நிறுவனங்கள் நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் பட்டியலிட்டு, இணையத்தின் வாயிலாகவும் கேள்விகளை ஏற்கின்றன. தளங்கள் தோன்றும், மறையும். ஆயின் ஏலம் கேட்போர் கற்றுக்கொண்ட அறிவு மறைவதில்லை.

இனி, ஏலம் நடைபெறும் முறையைக் காண்போம். ஊர்ப் பொதுவிலுள்ள புளியமரங்களின் காய்ப்பை ஏலம் விடுகையில், “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று கூவி முடிப்பதை நாம் அறிவோம். இணைய ஏலத்தில் கூவுவோர் இல்லை. கடிகாரமே அவ்வேலையைச் செய்கிறது. குறித்த நேரம் முடியும்போது யார் கேள்வி மிகுதியோ, அவருக்கே பொருள் உரியதாகும். கடைசி நொடியில் புகுந்து ஒருவர் பறித்துச் செல்லாதபடி, இறுதியில் புதிய கேள்வி வந்தால் நேரத்தைச் சிறிது நீட்டும் நிறுவனங்களும் உள.

ஏலம் முடியும் வரை ஒருவர் விழித்திருக்க வேண்டுவதில்லை. தாம் தரக்கூடிய மிக உயர்ந்த விலையைத் தளத்தில் முன்னரே பதிந்து வைக்கலாம். பிறர் கேட்கக் கேட்க, தளமே அவர் பொருட்டுச் சிறிது சிறிதாக விலையை ஏற்றும். சான்றாக, ஒரு நாணயத்தின் தொடக்க விலை 200 ரூபாய் என்றும், ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் கூட்டிக் கேட்க வேண்டும் என்றும் கொள்வோம். மேச்சேரியிலுள்ளவர் 500 ரூபாயும், நாமக்கல்லிலுள்ளவர் 420 ரூபாயும் உச்ச விலையாகப் பதிகின்றனர். நாணயம் மேச்சேரியாருக்கே கிடைக்கும். ஆனால் 500 ரூபாய்க்கு அன்று, 430 ரூபாய்க்கே கிடைக்கும். தமக்கு அடுத்தவரை வெல்லும் அளவே அவர் கொடுக்க வேண்டியது.

கணக்கு இத்துடன் முடிந்ததோ? இல்லை. நிறுவனம் தன் கட்டணமாக நூற்றுக்குப் பதினைந்து கேட்குமாயின் 64 ரூபாய் 50 காசு கூடும். அஞ்சற் செலவு 60 ரூபாய் எனின், மொத்தம் 554 ரூபாய் 50 காசு ஆகிவிடும். ஐந்நூறே தம் எல்லை என்று இருந்தவர் எல்லையைக் கடந்துவிட்டார்! ஆகவே, கட்டணம், வரி, அஞ்சற் செலவு ஆகிய யாவற்றையும் முதலில் கழித்துவிட்டு, எஞ்சிய தொகையையே உச்ச விலையாகப் பதிதல் வேண்டும். ஒருமுறை பதிந்தபின், போட்டியின் வேகத்தில் அதனை உயர்த்தலாகாது. ஏலத்தில் வென்ற மகிழ்ச்சி ஒருநாள் நிற்கும்; மிகை கொடுத்த வருத்தம் நெடுநாள் நிற்கும்.

உச்ச விலையை எவ்வாறு அறுதியிடுவது? பொருளின் பழைமை மட்டும் அதற்கு அளவாகாது; அருமையும் நிலையுமே அளவாகும். 1911 ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் வெள்ளி ரூபாய் வெளிவந்தது. மன்னர் அணிந்த ஆடையில் பொறித்திருந்த யானை, பன்றி போலத் தோன்றுவதாக மக்கள் குறை கூறினர். அரசு அந்நாணயங்களைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டில் உருவத்தைத் திருத்தி வெளியிட்டது. அதனால் பிந்திய நாணயத்தினும் 1911 ஆம் ஆண்டு நாணயம் அருமையுடையதாயிற்று. அருமை மிகுந்த இடத்தில் போலியும் மிகும். அக்கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி காந்தத்தால் ஈர்க்கப்படாது. எனவே, நாணயத்தின் எடை என்ன, இரு புறமும் விளிம்பும் தெளிவாகத் தெரியும் படங்கள் உளவா, பொருள் போலியெனின் பணம் திரும்புமா என விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். முன்பு வாங்கியோர் அவரைப் பற்றி எழுதிய கருத்துகளையும் படித்தல் நன்று. ஆட்டின் பல்லைப் பார்ப்பதற்கு ஈடான சோதனைகள் இவையே.

விற்க எண்ணுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய நாணயத்தைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெருந்தவறு. காலம் அதன்மேல் படியவைத்த நிறம் அழிய, அதன் மதிப்பும் உடன் அழியும்.

இச்சந்தையில் வஞ்சகரும் உலவுகின்றனர். ‘உங்கள் பழைய நோட்டுக்குப் பல இலட்சம் தருகிறோம், முதலில் வரியையும் கட்டணத்தையும் செலுத்துக’ என்று ஆசை காட்டுவர். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையே இவ்வாறு சிலர் பயன்படுத்தியதால், தான் இத்தகைய வாணிகம் எதிலும் ஈடுபடுவதில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. கைபேசி வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டுவதில்லை. பணம் கொடுப்பதற்கே அவ்வெண் வேண்டும். இவ்வொன்றை நினைவிற் கொண்டோர் பலவகை மோசடியினின்றும் தப்புவர். ஏமாற்றம் நேர்ந்தால், காலம் தாழ்த்தாது 1930 என்னும் உதவி எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

சட்டம் வகுத்த எல்லைகளையும் அறிதல் வேண்டும். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதல் கூடாது; அயல்நாட்டார் எவ்வளவு விலை கேட்பினும் மறுத்தலே முறை. 2016 ஆம் ஆண்டில் செல்லாதனவாக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளுள் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கலாகாது என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் இருபத்தைந்து வரை இசைவு உண்டு.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ மண்ணில் புதைந்த காசுகள் கிடைத்தால் என் செய்வது? அவற்றின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டதாயின், மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இது கண்டெடுத்தவரை வருத்துவதற்கு எழுந்த விதி என்று எண்ணற்க. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சிறு காசுகளில் மாக்கோதை, கொல்லிரும்பொறை என்னும் சேரர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அத்தகைய காசுகளைத் திரட்டி ஆராய்ந்தார். அவற்றின் எழுத்தோடு, அவை கிடைத்த இடமும் தெரிந்தமையாலேயே கரூரின் பழஞ்சிறப்பு மேலும் விளங்கிற்று. கிடைத்த இடம் மறைக்கப்பட்டு ஏலத்தில் கைமாறும் காசு, ஒருவர் பெட்டியை நிறைக்கலாம். நாட்டின் வரலாற்றை நிறைக்காது.

ஆகவே, நாணயம் வாங்குவோர் அதனோடு அதன் வரலாற்றையும் கேட்டு வாங்குக. எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது, எந்நாளில் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பொருளுடன் வைத்திடுக. பணம் உடையோர் எவரும் பொருள்களைக் குவிக்கலாம். குவித்தவற்றை அறிந்து, காத்து, பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவரே உண்மைச் சேகரிப்பாளர் ஆவர்.