எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது?

பிவண்டிப் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் நமது சங்க அன்பர் ஒருவர், "கிடங்கு நிர்வாக மென்பொருள் என்று விற்க வருகிறார்களே, அது என்னதான் செய்யும்? கணக்கைத்தான் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் போடுகிறோமே!" என்று கேட்டார். ரயில்வேயில் ஸ்டோர்ஸ் டிப்போவோடு பல்லாண்டு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பழைய முறையில் ஒரு பொருளுக்கு இரண்டு கணக்கு. அலமாரியில் தொங்கும் பின் கார்டு ஒன்று. அலுவலகத்து லெட்ஜர் மற்றொன்று. சரக்கு வெளியே போனதும் கார்டில் குறித்துவிடுவார்கள். சீட்டு லெட்ஜரைச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் இன்னொருவர் இண்டென்ட் கொண்டுவந்தால் லெட்ஜரில் 40 இருக்கும், அலமாரியில் 10தான் இருக்கும். இதைவிடப் பெரிய சங்கடம், பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்பது. அது ஏட்டில் இராது, ஒரு மூத்த கலாசியின் நினைவில் இருக்கும். நான் அறிந்த ஒரு டிப்போவில் அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றுப் போனபின், உள்ளே இருந்த பேரிங்குகளையே 'கையிருப்பு இல்லை' என்று எழுதி மறுபடி வாங்கினார்கள். அவை வந்து சேரும்வரை வேகன்கள் சும்மா நின்றன.

அன்பரின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. கணக்கு மென்பொருளுக்கு 'எத்தனை' என்பது தெரியும். கிடங்கு மென்பொருளுக்கு 'எங்கே' என்பதும் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் வீட்டு விலாசம் போல ஓர் எண்: 3-ஆம் வரிசை, 12-ஆம் அலமாரி, 2-ஆம் தட்டு. சரக்கு வந்ததும் பெட்டியின் பார்கோடையும் தட்டின் பார்கோடையும் கருவியால் படித்துவிட்டால் போதும், விலாசம் பதிவாகிவிடும். (கடையில் முதன்முதலாகப் பார்கோடு காட்டி விற்ற பொருள், 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொட்டலம்!)

ஆர்டர் வந்ததும் அந்த எண்ணிக்கையை அவருக்கென்று ஒதுக்கிவிடும். ஒரே சரக்கை இருவருக்கு வாக்களிக்க முடியாது. பிறகு பல ஆர்டர்களைச் சேர்த்து, ஆள் ஒரே சுற்றில் எடுத்துவரும்படி தட்டுகளை வரிசைப்படுத்தித் தரும். கிடங்கில் வேலையாளின் பொழுது பெரும்பாலும் நடப்பதிலேயே கழிவதால், இந்த லாபம் சிறிதல்ல. பிரேக் குழாய் போன்ற ரப்பர் சாமான்களுக்கு ஆயுள் உண்டு. முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கச் சொல்லும்.

ரயில்வேயில் ஒவ்வொரு ஸ்டோர்ஸ் பொருளுக்கும் 8 இலக்க 'பி.எல்.' எண் உண்டு. கடைசி இலக்கம் சோதனைக்கானது. எண்ணைத் தப்பாக எழுதினால் காட்டிக்கொடுக்கும். டிப்போக்களிலிருந்து சரக்கு வாங்கிப் பயன்படுத்தும் சிறு கிடங்குகளின் ஏடுகளையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற, ரயில்வேயின் 'கிரிஸ்' அமைப்பு உருவாக்கிய 'யூ.டி.எம்.' என்ற ஏற்பாடு 2020-இல் மேற்கு ரயில்வேயில் தொடங்கியது.

ஒன்று சொல்லவேண்டும். இரவு ஷிஃப்டில் அவசரமென்று ஒருவர் பதியாமல் எடுத்துப் போனால் கம்ப்யூட்டரும் பொய்தான் சொல்லும். ஆகவே ஆண்டுக்கொருமுறை கிடங்கை மூடி எண்ணுவதைவிட, தினம் சில தட்டுகளை எண்ணுவது நல்லது. விலை உயர்ந்தவற்றை அடிக்கடி, ஆணி, வாஷரை எப்போதாவது.

அன்பருக்கு நான் சொன்னது: மென்பொருளுக்குப் பணம் கட்டுமுன் தட்டுகளுக்கு எண் எழுதுங்கள். அதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.