கட்டைக்குள் கிடங்கு: இது பேட்டரி வாரம்

போன வாரம் கீபோர்டின் ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தானில் நிறுத்தினோம். வாய்ஸ், ஸ்டைல், டெம்போ, டிரான்ஸ்போஸ் எல்லாம் ஒரே அமுக்கில் வரும் சங்கதி. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

தாராவி மெல்லிசைக் குழுக்காரர்கள் பென் டிரைவில் பாட்டுகளை அடுக்கும் விதத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். சரண்ஜித் சிங் குறுக்கே வந்துவிட்டார்.

பம்பாய் ஸ்டுடியோக்களில் இந்திப் படங்களுக்கு வாசித்தவர் அவர். 1982இல் எச்எம்வி அவருடைய ரெக்கார்டு ஒன்றை வெளியிட்டது: பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். மாட்டுங்கா சபாக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதிலுள்ள மால்கௌன்ஸ் நம் இந்தோளம், பூபாலி நம் மோகனம். அப்போது சீந்துவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்ததும், சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ நடன இசை பிறக்கும் முன்பே பம்பாயில் ஒருவர் இதை வாசித்துவிட்டாரே என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது ராகமல்ல, பேட்டரி. அந்த ரெக்கார்டுக்கு அவர் பயன்படுத்தியவை மூன்று ரோலண்ட் கருவிகள். ஜூபிடர்-8இல் 64 டோன்களைச் சேமிக்கலாம். மேலும் வேண்டுமா? ஆடியோ கேசட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆமாம், பாட்டு கேட்கும் அதே கேசட். டோன்களின் டேட்டா கீச்சொலியாகப் பதிவாகும். அந்தக் கீச்சொலியைத் திரும்பக் கருவிக்கே போட்டுக் காட்டினால் டோன்கள் வந்து உட்காரும். ஒழுங்காக ஏறியதா என்று பார்க்கத் தனியாக ஒரு ‘வெரிஃபை’ வசதி. டிஆர்-808இன் தாளங்களைக் காத்தவை மூன்று பென் டார்ச் செல்கள். டிபி-303உம் அப்படித்தான்: நான்கு செல்கள்தான் காவல், கேசட்டுக்கு வழியே கிடையாது. செல் தீர்ந்து, கரன்டும் இல்லையென்றால் உள்ளே எழுதிய பேஸ் வரிசை போயே போச்சு. காகிதத்தில் குறித்து வைத்திருந்தால் பிழைக்கும்.

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் கணக்கு இதைவிட ருசி. ஒரு டோனுக்கு 128 பைட். பத்து எழுத்துக்குள் அடங்கும் அதன் பெயரும் அதற்குள்ளேயே. 32 டோன்களுக்கு மொத்தம் 4,096 பைட்! காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் ரோஜாவின் இதழ் ஓரத்துக்குக்கூட இது காணாது. அத்தனையையும் காப்பது போர்டில் உள்ள ஒரு பட்டன் செல். பழைய டிஎக்ஸ்7 வைத்திருப்பவர்கள் செல் மாற்ற லாமிங்டன் ரோட்டுக்கு ஓடும் முன் டோன்களைக் கார்ட்ரிட்ஜிலோ, மிடி வழியாகக் கம்ப்யூட்டரிலோ இறக்கிவிடுங்கள். செல்லைக் கழற்றிய பிறகு அழுது பயனில்லை.

இன்றைய கீபோர்டுகளில் ஃபிளாஷ் மெமரி. பேட்டரி பயம் போனதோடு பேக்கப் எடுக்கும் பழக்கமும் போய்விட்டது. ஒரு ஃபேக்டரி ரீசெட் போதும், உள்ளே போட்டு வைத்தது அத்தனையும் காலி.

90 அடி சாலையில் எனக்குப் பழக்கமான கீபோர்டுக்காரத் தம்பியிடம் பென் டிரைவைக் கேட்டேன். “ஸ்டைல் எவ்வளவு வேணும்னாலும் காப்பி பண்ணிக்கோங்கண்ணே. ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் கேக்காதீங்க” என்றான். அரை மணி நேரம் கெஞ்சியதும் ஃபோல்டர்களைத் திறந்து காட்டினான், காப்பி எடுக்க விடவில்லை. ஒவ்வொரு பாட்டுப் பெயருக்கும் முன்னால் 001, 002 என்று எண் போட்டிருக்கிறான். அது ஏன், பாடகியின் சுருதிக்கு ஏன் தனி ஃபோல்டர் என்பதெல்லாம் அடுத்த வாரம். சரண்ஜித் சிங்கை உள்ளே விட மாட்டேன்.