பாய்க்கு அருகில் தின்னர் போத்தலா?

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை எம்மில் யார்தான் மறப்பர்? ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு, திரி கோத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்பு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினோம். ஒரு போத்தல் எண்ணெய் அன்று பொன்னுக்குச் சமம். மிஞ்சியதை வீசாமல் பத்திரப்படுத்தும் பழக்கம் எம்மோடு ஊறிவிட்டது.

பழக்கம் நல்லதுதான். ஆனால் ஊரில் அதற்கு இடம் இருந்தது. எண்ணெயும் பயிர் மருந்தும் தோட்டத்துக் கொட்டிலில் இருந்தன; நாம் வீட்டில் படுத்தோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எம்மவர் பலருக்கு ஒரே அறைதான் வீடு. சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே. பெயின்ற் வேலைக்குப் போகிறவர் கொண்டுவரும் மிச்சத் தின்னர் கட்டிலுக்கு அடியில் போகிறது. மாலையில் நுளம்புக்குப் பயந்து யன்னலையும் சாத்திவிடுகிறோம்.

இங்கேதான் ஆபத்து. தின்னரில் பெரும்பாலும் கலந்திருக்கும் தொலுயீனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு பாரமானது. பெற்றோல் ஆவியும் அத்தகையதே. அது மேலே எழும்பிப் போகாது. தரையோடு படர்ந்து தேங்கும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் எமது பிள்ளைகள். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கண் எரிவு என்பன முதல் அறிகுறிகள். நெடுநாள் சுவாசித்தால் நரம்புகள் பாதிக்கப்படும். கர்ப்பிணித் தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கேடு. மூக்குப் பழகிவிட்டால் மணமே தெரியாது. மணம் இல்லாததால் ஆவியும் இல்லை என்று எண்ணலாகாது.

படர்ந்த ஆவி அடுப்பையோ சாமி விளக்கையோ எட்டினால் நெருப்பு போத்தல்வரை ஓடிவரும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பலர் பெற்றோலை வீட்டில் சேர்த்து வைத்தனர். அவ்வருடம் ஏப்ரலில் கான்களில் எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டதை நாம் அறிவோம்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. அன்றைய வேலைக்குத் தேவையான அளவே வாங்குங்கள். மிச்சத்தை வேலைத்தளத்திலேயே வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெற்றோலை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

2. தின்னரை அதன் சொந்தத் தகரத்திலேயே இறுக மூடி வையுங்கள். அது சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சோடாப் போத்தலில் ஊற்றினால் பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும்.

3. ஒரே மாடியிலுள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு, வெளியே நிழலான இடத்தில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்றை வைக்கலாம். காற்றோட்டத்துக்கு மேலும் கீழும் துவாரம் இருக்கட்டும். மாடிப்படியில் வைக்காதீர்கள், நெருப்பு வந்தால் ஓடுவதற்கு உள்ள வழி அதுவே.

4. தின்னர் துடைத்த துணியும் வேலை உடுப்பும் அறைக்குள் கிடந்தால் அவற்றிலிருந்தும் ஆவி வரும். வெளியே விரித்து உலரவிடுங்கள்.

5. மீதியைக் கானில் ஊற்றாதீர்கள். அங்கேயும் ஆவி தேங்கித் தீப்பற்றும்.

யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு செல்லுங்கள். மண்ணெண்ணெயோ தின்னரோ குடித்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யவே கூடாது. வாந்தியோடு எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் அதுவே உயிரைப் பறிக்கும். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள். 2016 முதல் இயங்கும் இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. கொழும்பில் தீயணைப்புப் படையை 110 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இன்று மாலை விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஊரில் கொட்டில் செய்த வேலையை இங்கே எமது கவனம்தான் செய்யவேண்டும்.