கோச் மாறினால் பெட்டு ஜெயிக்குமா?

ஜான் கிரிகரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்சி 2017-18 ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. அடுத்த சீசனிலும் அவரேதான் கோச். ஆனால் 18 ஆட்டங்களில் வெற்றி இரண்டே இரண்டு, பட்டியலில் கடைசி இடம். அதற்கடுத்த சீசனின் தொடக்கத்திலேயே அவர் விலக, ஓவன் காயில் வந்தார். தடுமாறிக்கொண்டிருந்த அணி இறுதிப்போட்டி வரை போனது. கிரிக்கெட்டும் இப்படித்தான். 2022-ல் தோனி சிஎஸ்கே கேப்டன் பதவியை ஜடேஜாவுக்குக் கொடுத்தார். 8 ஆட்டங்களில் 2 வெற்றி. பதவி தோனியிடமே திரும்பியது. சிஎஸ்கேவுக்கு ஒன்பதாம் இடம், மறு ஆண்டே கோப்பை. 2025-ல் ருதுராஜுக்குக் காயம்பட்டுத் தோனி மீண்டும் கேப்டனானபோதோ, அணி முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது.

இதையெல்லாம் முன்கூட்டியே கணித்துத் தருவதாக டெலிகிராமில் டிப்ஸ் விற்பவரை என்னவென்று சொல்வது? பாதிப் பேருக்கு ‘ஜெயிக்கும்’, மீதிப் பேருக்கு ‘தோற்கும்’ என்று அனுப்பினால் போதும். ஒரு பாதிக்கு அவர் ஜோதிடராகிவிடுவார். அந்தப் பாதிதான் அடுத்த முறை பணம் கட்டும்.

பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புத் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைனில் பெட் கட்டுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துபவருக்கு மத்திய அரசின் 2025 சட்டம் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் வைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. “உன் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாசா மாசம் காசு தர்றேன்” என்று ஒருவர் வருவார். ஏமாந்தவர்களின் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடங்கும், போலீஸ் உங்கள் கதவைத்தான் தட்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே வங்கிக்குப் போய் கார்டை முடக்கி, எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டில் தோற்ற பணத்துக்காகப் புக்கி மிரட்டுகிறாரா? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அந்தக் காசை வசூலிக்க அவர் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஜெயித்த காசைக் கேட்டு நீங்களும் போக முடியாது என்பது வேறு விஷயம். மிரட்டல் தனிக் குற்றம். மெசேஜ்களை அழிக்காதீர்கள், தாம்பரம் மாநகரக் காவலின் கீழ் வரும் பெரும்பாக்கம் காவல் நிலையத்தில் காட்டுங்கள்.

ஆன்லைனில் ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வாய்ப்பு. வழக்குக்கு வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பெட் கட்டுவதை விட நினைத்தும் விட முடியவில்லையென்றால் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.