கணைய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நீண்டகாலச் சிக்கல்கள்

கணைய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நீண்டகாலச் சிக்கல்கள் என்பவை கணையத்தின் ஒரு பகுதியோ முழுவதுமோ நீக்கப்பட்டு, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துத் தோன்றும் பாதிப்புகள் ஆகும். முதல் வாரங்களில் ஏற்படும் கணையநீர்க் கசிவு போன்றவை பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கண்டறியப்படுகின்றன. பிந்தையவை வீடு திரும்பிய பின் மெல்லத் தோன்றுவதால் எளிதில் கவனிக்கப்படாமல் போகின்றன.

பின்னணி

கணையத் தலைப்பகுதிப் புற்றுநோய்க்கு, 1935-இல் ஆலன் விப்பிள் விவரித்த முறையிலிருந்து வளர்ந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இதில் கணையத்தலையுடன் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவையும் நீக்கப்படும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளவயதிலேயே கணையத்தில் கற்களை உண்டாக்கும் வெப்பமண்டலக் கணைய அழற்சியும் அறுவை சிகிச்சைக்கு ஒரு காரணமாகிறது. இந்நோயால் வரும் நீரிழிவைச் சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இந்நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை வலியைக் குறைக்கலாம். ஆனால் அழிந்த கணையத் திசுவை மீட்பதில்லை.

செரிமானக் குறைபாடு

கணைய நொதிகள் குறையும்போது கொழுப்பு சரியாகச் செரிப்பதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள, துர்நாற்றம் வீசும் மலம், வயிற்று உப்புசம், எடை இழப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துகளும் குறைவதால் எலும்பு வலுவிழக்கலாம். இதற்குக் கணைய நொதி மாத்திரைகள் தரப்படுகின்றன. முதன்மை உணவு ஒன்றுக்குப் பெரும்பாலும் 40,000–50,000 அலகு லைபேஸ் அளவில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டுவர். உணவுடன் கலந்தால்தான் நொதி வேலை செய்யும் என்பதால், மாத்திரையை வெறும் வயிற்றில் அல்லாமல் முதல் கவளத்துடன் எடுக்க வேண்டும். நெய், எண்ணெயை அறவே ஒதுக்குவது எடை இழப்பை அதிகரிக்கும்.

நீரிழிவு

கணையம் இன்சுலினை மட்டுமன்றி, குருதிச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானையும் சுரக்கிறது. இரண்டும் குறைவதால் சர்க்கரை அளவு ஏறி இறங்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்தால் ஆபத்தான தாழ்சர்க்கரை நிலை ஏற்படலாம். எனவே விரதம் இருக்க விரும்புவோர் முன்னரே மருத்துவரிடம் கலந்தாலோசிக்க வேண்டும்.

பிற சிக்கல்கள்

பித்தநாளமும் குடலும் இணைக்கப்பட்ட இடம் சுருங்கினால் குளிர்நடுக்கக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வரலாம். இதற்கு உடனடிச் சிகிச்சை தேவை. இரைப்பை இணைப்பில் புண் உண்டாகலாம். புகைபிடித்தலும் சில வலிநிவாரணிகளும் அதைத் தூண்டும். கணைய வால்பகுதியுடன் மண்ணீரலும் நீக்கப்பட்டவர்களுக்கு நிமோகாக்கசு உள்ளிட்ட கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் தேவை. அவர்களுக்கு வரும் காய்ச்சலை அவசர நிலையாகக் கருத வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

எடை, குருதிச் சர்க்கரை, உயிர்ச்சத்து அளவுகள், எலும்பு அடர்த்தி ஆகியவை குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கப்படுகின்றன. அறுவை சிகிச்சை விவரம் அடங்கிய மருத்துவமனைச் சுருக்கத்தை நோயாளி எப்போதும் வைத்திருந்தால், புதிய மருத்துவரும் வயிற்றுப்போக்கையோ காய்ச்சலையோ சாதாரணமானதாக எண்ணிவிட மாட்டார்.