கோட்டை தெரியுற மனை: திருமயத்தில் இடம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில், ரெண்டு பக்கமும் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது திருமயம். 2024-ல் அந்த ரெண்டு ஊருமே மாநகராட்சி ஆகிடுச்சு. அதனால "ரெண்டு மாநகராட்சிக்கு நடுவுல, ஹைவே பக்கம், இப்பவே வாங்கிப் போடுங்க சார்" என்கிற பேச்சு உங்க காதில் விழாமல் இருக்காது. 2013-ல் திறக்கப்பட்ட பெல் நிறுவனத்தின் பைப்பிங் ஆலையையும் சேர்த்துச் சொல்வாங்க. சொல்ற தகவல் எல்லாம் உண்மைதான். ஆனா மாசச் சம்பளத்தில் தவணை கட்டப் போற உங்களுக்கு அது மட்டும் போதாது.

முதல்ல தூரத்தைப் பணமா மாத்துங்க. உங்க வேலை புதுக்கோட்டையில், வீடு திருமயத்தில்னு வைப்போம். போக வர 40 கிலோமீட்டர், மாசம் 25 நாள், ஆக 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுற பைக், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மாசம் 2,000 ரூபாய். 8.5 சதவீத வட்டியில் 20 வருஷக் கடனுக்கு லட்சத்துக்கு சுமார் 868 ரூபாய் தவணை வரும். அப்படின்னா அந்த 2,000 ரூபாய் கிட்டத்தட்ட 2.3 லட்ச ரூபாய் கடனுக்குச் சமம். அதே தூரம் 15 கிலோமீட்டர் மைலேஜ் தர்ற காரில் என்றால் மாசம் 6,667 ரூபாய், அதாவது 7.7 லட்ச ரூபாய் கடன்! புதுக்கோட்டையை விட இங்கே மனை 5 லட்சம் குறைவுன்னு சந்தோஷப்பட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு கார் வாங்கினா, அந்த லாபம் பெட்ரோல் பங்கிலேயே போயிடும். சர்வீஸ், டயர், உங்க நேரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. திருமயத்தில் ரயில் நிலையம் இருக்கு, சரி. உங்க ஷிஃப்ட் நேரத்துக்கு ரயில் இருக்கான்னு பாருங்க. வேலை பெல் ஆலையிலேயே என்றால் கணக்கு தலைகீழ். அப்போ திருமயம்தான் மலிவு.

இப்போ இந்த ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை இங்கே இருக்கு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். 'கோட்டை வியூ' என்று ஒரு மனைக்குக் கூடுதல் விலை சொன்னா, அங்கேதான் நீங்க நிதானிக்கணும். 2010-ல் திருத்தப்பட்ட மத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டவே முடியாது. மீறினால் 2 வருஷம் வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், ஆனா தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையில்லாச் சான்று வாங்கணும். இந்த அளவு மலை உச்சியில் தெரியுற மதிலிலிருந்து தொடங்குறதில்லை. அரசாணையில் குறிப்பிட்ட பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து தொடங்குது. இந்தக் கோட்டைக்கு ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில் இருந்ததா சொல்வாங்க. இப்போ வெளிவட்டத்தில் நுழைவாயில்கள்தான் மிச்சம். அதனால கண்ணளவில் "300 மீட்டர் தாண்டியாச்சு சார்" என்று புரோக்கர் சொல்றதை நம்பாதீங்க. சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்துல பதில் வாங்குங்க. சான்று கிடைக்காவிட்டால் முன்பணம் முழுசா திரும்பணும்னு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அதுக்கு விற்கிறவர் தயங்கினா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

அடுத்தது 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இல்லாமல் ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தா, அது மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது. 20.10.2016-க்கு முன்பே பதிவான மனையா, வரன்முறை செய்த உத்தரவு இருக்கான்னு கேளுங்க. இது இல்லாமல் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். நாளைக்கு நீங்க விற்கப் போகும்போதும் இதே கேள்வி உங்களைத் தேடி வரும்.

கண்மாய்களுக்குப் பேர்போன மாவட்டம் இது. பட்டா, சிட்டாவை இணையத்தில் பார்த்தா நன்செய்யா புன்செய்யான்னு தெரியும். புலப்படத்தில் வாய்க்கால் எங்கே ஓடுதுன்னு தெரியும். முடிஞ்சா ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போங்க. சித்திரையில் எல்லா மனையும் மேட்டு மனைதான்.

"வரி மிச்சமாகும்னு வாங்குறேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. நீங்களே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அதில் கழிவும் கிடையாது. 2 லட்சம் வட்டிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான். அந்தச் சம்பளத்துக்குள் இருக்கிற ஒருத்தருக்கு வீட்டுக் கடனால் வரி மிச்சம் பூஜ்யம்.

பதிவுச் செலவு 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 5, மாறுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2. 10 லட்ச ரூபாய் மனைக்கு 90,000. ஏப்ரல் 2025 முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 80,000 போதும். பெரும்பாலும் வங்கி இந்தத் தொகையைக் கடனில் சேர்க்காது. வங்கி கேட்கும் உங்க பங்கு, பத்திர எழுத்தர் கூலி, வக்கீல் கட்டணம் இதுக்கு மேல தனி. அட்வான்ஸ் கொடுக்குற நாளிலேயே இதெல்லாம் சேமிப்புக் கணக்கில் இருக்கணும், கிரெடிட் கார்டில் இல்லை.