வாக்குறுதி முந்தட்டும்!



பத்ருப் போரில் சிறைப்பட்டோரில் எழுத்தறிவு பெற்றிருந்தும் மீட்புத்தொகை செலுத்த இயலாதோர் இருந்தனர். அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களின் மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வறுமை சூழ்ந்த அந்நாளில், சமுதாயத்திற்கு வரவேண்டிய பொருள் பிள்ளைகளின் கல்வியாக மாறியது.

இன்று நம் மஹல்லாக்களின் நிலை என்ன? பிளஸ் டூ தேறிய மகனைக் கடை வேலைக்கு அனுப்புகிறோம். மகளை வீட்டில் இருத்துகிறோம். மதிப்பெண் குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று. "கட்டணத்திற்கு எங்கே போவது?" என்ற அச்சம் பல வீடுகளில் விண்ணப்பம் வாங்கும் முன்பே கதவை அடைத்துவிடுகிறது.

இவ்வச்சத்தின் வலிமையை ஓர் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டு, நன்கு பயிலும் ஏழை மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மடல் அனுப்பியது. இடம் கிடைத்தால் நான்காண்டும் கல்விக் கட்டணம் இல்லை. உதவி பெறத் தனிப் படிவமும் வேண்டாம் என்பதே அம்மடலின் வாக்குறுதி. மடல் பெறாதோரில் நூற்றுக்கு 26 பேர் விண்ணப்பித்து 12 பேர் சேர்ந்தனர். பெற்றவர்களிலோ 68 பேர் விண்ணப்பித்து 27 பேர் சேர்ந்தனர். மடல் பெறாதவர்களிலும் பெரும்பாலோர் விண்ணப்பித்திருந்தால் ஏறத்தாழ அதே உதவியைப் பெற்றிருப்பர். ஆக, உதவி பெரிதாகக் கூடவில்லை. உறுதிமொழி முந்தி வந்தது. அவ்வளவுதான்!

நம் மாநிலத்திலும் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கப்பட்டன. ஆனால் அறியாத உதவி, இல்லாத உதவிக்குச் சமம்.

நாமோ ரமளானில் ஸகாத்தைச் சில்லறையாகப் பங்கிட்டு முடித்துவிடுகிறோம். ரமளான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முந்துகிறது. கல்லூரிச் சேர்க்கைக் காலமோ அவ்வாறு முந்துவதில்லை. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் (9:60) ஏழைகளே முதலில் கூறப்படுகின்றனர். ஏழை மாணவரும் அவர்களில் ஒருவரே. நிஸாப் உடையவர் ஆண்டு நிறையும் முன்பே ஸகாத்தை முற்படுத்திக் கொடுப்பதற்கு ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டும் இடமளிக்கின்றன.

எனவே ஜமாஅத்தார்களே! தேர்வு முடிவுக்குக் காத்திராமல், பிளஸ் டூ பயிலும் ஏழைப் பிள்ளையின் வீட்டிற்கு இப்போதே செல்லுங்கள். "இடம் கிடைத்தால் கட்டணம் எங்கள் பொறுப்பு" என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். உதவித்தொகைப் படிவத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள், வாக்கு அமானிதமாகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்கி அருள்வானாக! ஆமீன்.